மைனாகே: பேர் இருக்கு, ஊரைக் காணோம்

இந்த எபிசோடைக் கேட்கிறப்போ போனில் ஒரு மேப் திறந்து வெச்சுக்கிட்டா நல்லது. ஸ்பெயினின் தெற்குக் கடற்கரைக்குப் போங்க. அங்கே மலாகா என்று ஒரு நகரம், பிகாசோ பிறந்த ஊர். கடலை ஒட்டியே கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் நகர்ந்தால் வெலெஸ் என்ற ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். மேற்குப் பக்கம் மலாகா ஏர்போர்ட் வரைக்கும் சேர்த்துக்குங்க. நாம இன்னைக்குப் பேசப்போற மொத்தச் சண்டையும் இந்தக் கரைத்துண்டுக்குள்ளதான்.

தேடுற ஊரோட பேர் மைனாகே. பண்டைக் கிரேக்கர்கள் மேற்கே போய்க் குடியேறின ஊர்களிலேயே கடைசி ஊர் இதுதான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இதைத் தாண்டினால் ஜிப்ரால்டர் ஜலசந்தி, அப்புறம் அட்லாண்டிக். அதாவது கிரேக்கர்களோட உலகம் முடியுற முனையில் இருந்த ஊர். அவ்வளவு பெரிய பெருமை இருக்கு, ஆனா இன்னைக்கு வரைக்கும் மேப்பில் ஒரு பின் குத்த முடியல. நூறு வருஷமாத் தேடியிருக்காங்க. தேடினப்போ கிடைச்சது என்னங்கிறதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அதுக்கு வர்றேன்.

முதல்ல யார் போனாங்கன்னு பார்ப்போம். இன்றைய துருக்கியில் இஸ்மிருக்குப் பக்கத்தில் ஃபோச்சா என்ற சின்ன ஊர் இருக்கிறது. கிரேக்கர் காலத்தில் அதன் பெயர் ஃபோகேயா. விளைநிலம் குறைவு, கடல்தான் பிழைப்பு. கிரேக்கர்களில் முதன்முதலாக நெடுந்தூரக் கடல் பயணம் போனவர்கள் இவர்கள்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அகலமான சரக்குக் கப்பலில் போகாமல், 50 துடுப்பு போட்ட வேகமான போர்க்கப்பலில் போனார்களாம். இத்தாலியின் மேற்குக் கடல், ஸ்பெயின் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கி.மு. 600 வாக்கில் பிரான்சின் மார்செய் நகரத்தை நிறுவினதும் இவங்கதான். அப்போ அதோட பேர் மசாலியா. நம்ம ஊர் மசாலாவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கமெண்ட்ல கேட்காதீங்க.

ஸ்பெயினின் தென்மேற்கில் அப்போது டார்டெஸ்ஸோஸ் என்ற நாடு. வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த நாடு. அதன் ராஜா அர்கந்தோனியோஸ். பெயருக்குள்ளேயே வெள்ளி இருக்குன்னு மொழியியலாளர்கள் சொல்றாங்க. ஹெரோடோட்டஸ் கணக்குப்படி 120 வருஷம் வாழ்ந்து, அதில் 80 வருஷம் ஆண்டார். சரி, ஹெரோடோட்டஸ் கணக்கு அப்படித்தான் இருக்கும், விடுங்க. இந்த ராஜாவுக்கு ஃபோகேயாக்காரர்களை ரொம்பப் பிடித்துவிட்டது. உங்க ஊரை விட்டுட்டு வாங்க, என் நாட்டில் எங்கே வேணும்னாலும் குடியிருங்க என்று கூப்பிட்டார். அவர்கள் சம்மதிக்கவில்லை. அப்படின்னா உங்க ஊருக்காவது பாதுகாப்பா இருக்கட்டும்னு, மதில் கட்ட அள்ளிக் கொடுத்தார். பாரசீகம் அவர்களை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த மதில் பாரசீகப் படையைக் கொஞ்ச நாள்தான் தாமதப்படுத்தியது. கி.மு. 540-களில் சைரஸின் தளபதி ஹர்பாகஸ் வந்து முற்றுகை போட்டான். யோசிக்க ஒரு நாள் டைம் கொடுங்க என்று கேட்டு வாங்கி, அந்த ஒரு நாளில் பெண்டு பிள்ளை, சாமி சிலை என்று எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு மொத்த ஊரும் கிளம்பிவிட்டது. ஒரு பெரிய இரும்புத் துண்டைக் கடலில் போட்டு, இது மிதக்கும் வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊர் ஏக்கம் தாங்காமல் சத்தியத்தை மீறித் திரும்பிப் போனது வேற கதை. மிச்சப் பேர் கோர்சிகா தீவில் ஏற்கெனவே தாங்கள் அமைத்திருந்த அலாலியா குடியேற்றத்துக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஏன் கோர்சிகா? அர்கந்தோனியோஸ் அதற்குள் இறந்துவிட்டார் என்று ஹெரோடோட்டஸ் ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார். ராஜா போயிட்டார், அதனால டார்டெஸ்ஸோஸ் பக்கம் போகல. நியாயம்தான். ஆனா தெற்கு ஸ்பெயினில் மைனாகேன்னு அவங்களுக்குச் சொந்தமா ஒரு ஊரே இருந்திருந்தா? அகதியா நிக்கிறப்போ அங்கே போயிருக்கலாமே. ஃபோகேயாவைப் பற்றி இவ்வளவு விலாவாரியாக எழுதின ஹெரோடோட்டஸ், மைனாகேன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தர் சொல்லலைங்கிறதாலேயே ஊர் இல்லைன்னு ஆகிடாது. ஆனாலும் இந்த மௌனம் எனக்கு உறுத்துது.

அப்போ மைனாகேன்னு சொன்னது யாரு? கி.மு. 100 வாக்கில் செய்யுளாக எழுதப்பட்ட ஒரு புவியியல் நூல் இருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. ஒரு காலத்தில் ஸ்கிம்னோஸ் என்பவர் எழுதியதாக நினைத்தார்கள், அது தப்பு என்று தெரிந்ததும் போலி ஸ்கிம்னோஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். பாவம், எழுதின மனுஷன் யாரையும் ஏமாத்தல. அவர் மைனாகேயை மசாலியாக்காரர்களின் ஊர், ஐரோப்பாவில் கிரேக்க ஊர்களிலேயே கடைக்கோடி என்கிறார்.

அடுத்தது ஸ்ட்ராபோ. ரோமப் பேரரசர் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் எழுதிய கிரேக்கப் புவியியலாளர். இவர் சொல்வதுதான் மொத்த வழக்குக்கும் முக்கிய சாட்சியம். மலாகாவும் மைனாகேயும் ஒரே ஊர்தான்னு சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்கிறார். மைனாகே ஜிப்ரால்டர் பாறையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது, அழிந்துவிட்டது, ஆனாலும் கிரேக்க நகரத்தின் தடயங்கள் அங்கே தெரிகின்றன. மலாகாவோ கிட்டத்தில் இருக்கிறது, அதன் அமைப்பு ஃபினீஷிய அமைப்பு என்று தெளிவாகப் பிரிக்கிறார். கேட்டா நேர்ல பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் ஸ்ட்ராபோ ஸ்பெயினுக்குப் போனதே இல்லை. தனக்கு முன்னால் போய்வந்த போசிடோனியஸ், ஆர்டெமிடோரஸ் போன்றவர்களின் நூல்களை வைத்து எழுதுகிறார்.

மூன்றாவது ஆள் அவியேனஸ். கி.பி. 4-ம் நூற்றாண்டின் லத்தீன் கவிஞர். அவர் கடற்கரைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். மலாகா என்ற ஊருக்கு முற்காலத்தில் மேனாகே என்று பெயர் என்கிறார். ஸ்ட்ராபோ தப்புன்னு சொன்னதையே இவர் திரும்பச் சொல்றார். கூடவே அந்த ஊருக்கு எதிரில் இரவில் ஒளிரும் தெய்வத்துக்கு, அதாவது நிலாவுக்கு, உள்ளூர் மக்கள் அர்ப்பணித்த ஒரு தீவு, அதில் ஒரு காயல், பாதுகாப்பான துறைமுகம் என்று அழகான விவரங்களும் தருகிறார். கி.பி. 6-ம் நூற்றாண்டில் அகராதி தொகுத்த பைசாந்தியத்து ஸ்டெஃபனஸ், மைனாகே ஒரு கெல்ட் ஊர் என்று எழுதிவிட்டார்.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேரில். ஒரு சிஸ்டம் படுத்துட்டா முதல்ல லாகைத்தான் திறப்போம். அந்த நேரத்தில் அந்த மெஷினே எழுதின லாகுக்கு ஒரு மரியாதை. ரெண்டு நாள் கழிச்சு யாரோ ஞாபகத்திலிருந்து எழுதின ரிப்போர்ட்டுக்கு வேற மரியாதை. மைனாகே விஷயத்தில் நம்ம கையில் இருக்கிறது பூரா ரெண்டாவது ரகம். ஃபோகேயாக் கப்பல்கள் ஓடிய காலத்துக்கும் போலி ஸ்கிம்னோஸுக்கும் நடுவில் 500 வருஷம். அவியேனஸுக்கு 900 வருஷத்துக்கும் மேல். ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்து எழுதியிருக்கார், அந்த இன்னொருத்தர் யாருன்னு நமக்கு முழுசாத் தெரியாது.

இதுக்கு அப்புறம் கதைக்குள்ள வர்றவர் அடால்ஃப் ஷுல்டன். ஜெர்மன் பேராசிரியர், 1870-ல் பிறந்தவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இவரைக் கிண்டல் பண்ணிட்டுப் போறது சுலபம். வடக்கு ஸ்பெயினில் நுமன்சியா என்று ஒரு ஊர்; ரோமத் தளபதி ஸ்கிபியோ கி.மு. 133-ல் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டு வீழ்த்திய ஊர். 1905-லிருந்து ஷுல்டன் அங்கே தோண்டினார். பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அது சொல்கிற வழியில் நடந்து, ஸ்கிபியோவின் முற்றுகை முகாம்களை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். உண்மையான சாதனை. நூல் சொன்னது, மண் ஆமாம் என்றது. அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடிதான் ஷ்லீமன், ஹோமரைப் படிச்சிட்டுப் போய் டிராயைத் தோண்டினார். அந்தத் தலைமுறைக்கே பழைய நூல் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

நுமன்சியாவில் வேலை செய்த அதே முறையை ஷுல்டன் தெற்கே கொண்டுவந்தார். 1922-ல் டார்டெஸ்ஸோஸ் பற்றிப் புத்தகம் எழுதினார். பிளேட்டோ சொன்ன அட்லாண்டிஸ் கதைக்கே டார்டெஸ்ஸோஸ்தான் மூலம் என்கிற அளவுக்குப் போனார். குவாடல்கிவிர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஜார்ஜ் பான்சர் என்ற தொல்லியலாளரோடு சேர்ந்து தோண்டினார். கிடைத்தது ரோமர் காலத்து மீனவக் கிராமம். கூடவே கிரேக்க எழுத்து பொறித்த ஒரு மோதிரம். டார்டெஸ்ஸோஸ் நகரம் கிடைக்கவில்லை.

மைனாகேக்கும் இதே நம்பிக்கைதான். மலாகாவுக்குக் கிழக்கே என்று ஸ்ட்ராபோ சொல்லிவிட்டார். அப்படியானால் வெலெஸ் ஆற்று முகத்துவாரம் என்று முடிவு செய்து, அங்கே பெஞ்யோன் என்ற குன்றை மைனாகே என்று அறிவித்தார். அவியேனஸின் கவிதைக்குள் கி.மு. 6-ம் நூற்றாண்டு மசாலியா மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பு ஒளிந்திருக்கிறது என்பதும் அவர் கட்சி. மேப்பில் பின் குத்தியாச்சு. அதுக்குப் பிறகு பல வருஷம் புத்தகங்களில் வெலெஸ் பக்கத்தில் மைனாகே என்றே அச்சானது.

1964-ல் வேறு ஒரு ஜெர்மன் குழு, ஸ்பானிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதே குன்றின் அடிவாரத்தில் தோண்ட ஆரம்பித்தது. இடத்தின் பெயர் டோஸ்கானோஸ். அங்கிருந்த ஒரு பண்ணையின் பெயர் அது. மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடுகளை எண்ணி, பொறுமையாகச் செய்த அகழாய்வு. ஊர் கிடைத்தது! தெருவோடு, வீடுகளோடு, மூன்று நீளக் கூடங்களாகப் பிரித்த பெரிய சரக்குக் கிடங்கோடு. பள்ளத்தாக்கில் துளையிட்டு மண் எடுத்துப் பார்த்ததில், இன்று வயலாக இருக்கும் இடம் அன்று கடல் உள்ளே வந்த வளைகுடா என்பதும் 1980-களில் தெரிந்தது. துறைமுகத்துக்கு அருமையான இடம்.

ஆனால் ஊர் கி.மு. 8-ம் நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. ஃபோகேயாக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால். சிவப்புப் பூச்சு போட்ட தட்டு, ஜாடி, வீடு கட்டிய விதம், எல்லாமே லெபனான் கரையிலிருந்து வந்த ஃபினீஷியர்களுடையது. கிரேக்கக் கிண்ணங்களின் ஓடுகளும் கொஞ்சம் இருந்தன. அது வியாபாரத்தில் வந்த சரக்கு. நம்ம வீட்டில் கொரியா போன் இருக்குங்கிறதுக்காக நாம கொரியாக்காரங்க ஆகிடுவோமா? கி.மு. 6-ம் நூற்றாண்டின் நடுவில் ஊர் கைவிடப்பட்டது.

அந்தக் குழுவில் இருந்த ஹான்ஸ் கியோர்க் நீமயர் 1980-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது சுருக்கமாக இது: மைனாகேயைக் கிரேக்க நகரமாகத் தேடுவதை நிறுத்துவோம். ஃபினீஷியர் விட்டுப்போன டோஸ்கானோஸ் அங்கே இடிபாடாகக் கிடந்தது. நூற்றாண்டுகள் கழித்து அந்த வழியாகப் போன கிரேக்கர்கள் வெட்டிய கல் வைத்துக் கட்டிய சுவர்களைப் பார்த்து, இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியது நம்ம ஆட்களாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஸ்ட்ராபோ சொல்லும் கிரேக்கத் தடயம் அதுதான்.

எல்லாரும் இதை ஏத்துக்கல. மலாகா ஏர்போர்ட் பக்கம் குவாடல்ஓர்சே ஆற்று முகத்துவாரத்தில் செர்ரோ டெல் வில்யார் என்று ஒரு மேடு. அன்று அது தீவு. அங்கேயும் ஃபினீஷிய ஊர் கிடைத்தது. அது கி.மு. 6-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைவிடப்படுகிறது; ஏறக்குறைய அதே காலத்தில் மலாகா வளரத் தொடங்குகிறது. அவியேனஸின் தீவும் துறைமுகமும் இதுதான், பழைய ஊர் மேனாகே, புதிய ஊர் மலாகா என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கச்சிதமாத்தான் இருக்கு. ஆனா இந்த இடம் ஜிப்ரால்டருக்கு மலாகாவைவிடக் கிட்ட வந்துடுது, ஸ்ட்ராபோவைத் தூக்கிப் போடணும். ஸ்ட்ராபோவை வெச்சுக்கிட்டா அவியேனஸ் அடிபடுறார். ரெண்டு பேரையும் ஒரே மேப்பில் உட்கார வைக்க முடியல.

ரெண்டு இடத்துக்கும் ஒரு விஷயம் பொது, கவனிச்சீங்களா? எங்கே தோண்டினாலும் ஃபினீஷியர்.

கிரேக்க ஊர் இருந்தா மண்ணில் எப்படித் தெரியும்னு நமக்குத் தெரியாம இல்லை. அதே ஸ்பெயினில், வடகிழக்கே காட்டலோனியாவில் எம்பூரியெஸ் இருக்கிறது. அதுவும் ஃபோகேயாக்காரர்கள் குடியேற்றம்தான். எம்போரியோன், சந்தை என்று அர்த்தம். 1908-லிருந்து அங்கே அகழாய்வு நடக்கிறது. 1985-ல் சுருட்டிய ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. கி.மு. 6-ம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் அயோனியக் கிரேக்கத்தில் ஒரு வியாபாரி எழுதிய கடிதம். யாரிடம் சரக்கைப் பேசுவது, எந்தப் படகை வைத்து இழுப்பது என்று வேலை விஷயம் பூராவும் அதில் இருக்கிறது. நடுவில் ஒரு உள்ளூர் இபேரியப் பெயர் வேறு. ஒரு ஆபீஸ் மெயிலை 2,500 வருஷம் கழிச்சுப் படிக்கிற மாதிரி. கிரேக்கர் வாழ்ந்த ஊர் இப்படிப் பேசும். மலாகா கரையில் இதுபோல ஒன்றுகூட வரவில்லை. ஹெமரோஸ்கோபேயோன் என்று ஸ்ட்ராபோ சொல்லும் இன்னொரு கிரேக்க ஊருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். டெனியா நகரம்தான் அது என்பார்கள், அந்தக் காலத்துக் கிரேக்க ஊர் மட்டும் அங்கே வெளிப்படவில்லை.

என் கணிப்பைச் சொல்லிடறேன். கிரேக்கர்கள் இந்தக் கரைக்கு வந்தது நிஜம். அட்லாண்டிக் பக்கம் உவெல்வாவில் கி.மு. 6-ம் நூற்றாண்டுக் கிரேக்கப் பானைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, அதனால் டார்டெஸ்ஸோஸ் வியாபாரம் வெறும் கட்டுக்கதை இல்லை. போகிற வழியில் தண்ணி பிடிக்க, காற்றுக்குக் காத்திருக்க ஒரு துறை வேணும். அந்தத் துறை ஃபினீஷியர்களோட ஊர். கிரேக்க மாலுமிகள் அதை மைனாகேன்னு கூப்பிட்டிருக்கணும். ஊர் அழிஞ்சது, கூப்பிட்ட பேர் மட்டும் புத்தகத்துக்குள்ள போயிடுச்சு. பின்னால் வந்தவங்க பேர் கிரேக்கம், அதனால ஊரும் கிரேக்கம்னு எடுத்துக்கிட்டாங்க.

இதில் என்னை உலுக்குற விஷயம் டோஸ்கானோஸ்காரங்க நிலைமைதான். அவங்க ஊர் கிடைச்சிருக்கு. கிடங்கு இருக்கு, வீடு இருக்கு, தட்டு இருக்கு. அந்த ஊரை அவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டா பதில் இல்லை. ஒரு பண்ணையோட பேரைத்தான் சொல்றோம். கிரேக்கர்களுக்கு எழுத்தைக் கொடுத்ததே ஃபினீஷியர்கள். ஃபினீஷியர் என்ற பெயரோ கிரேக்கர்கள் வைத்தது. அவர்களின் வாரிசான கார்த்தேஜ் நகரத்தை கி.மு. 146-ல் ரோம் அழித்தபோது, நூலகங்களை ஆப்பிரிக்கக் குறுநில மன்னர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. மாகோ என்பவரின் 28 தொகுதி விவசாய நூலை மட்டும் லத்தீனில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். வரலாறு, கதை, பயணக் குறிப்பு எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. டோஸ்கானோஸின் நிஜப் பெயர் ஏதாவது ஒரு நூலில் இருந்திருந்தால், அது போன வழி அதுதான்.

மலாகா மாகாணத்தின் தொல்லியல் இதழ் 1979-லிருந்து வருது. அதோட பேர் என்ன தெரியுமா? மைனாகே. ஃபினீஷிய ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் அதில் ஏகப்பட்டது.

ஒண்ணு மட்டும் பாக்கி. 2012-ல் மலாகா நகரத்துக்குள்ளேயே, ஒரு தெருவில் கட்டுமான வேலைக்கு முன்னால் தோண்டியபோது, கி.மு. 6-ம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று வெளியே வந்தது. உள்ளே ஒரு போர்வீரர், கூடவே கொரிந்து பாணி வெண்கல ஹெல்மெட். முகத்தையே மூடும், கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் வெட்டு விட்ட, கிரேக்க ஜாடிகளில் பார்ப்போமே அந்த ஹெல்மெட். ஃபோகேயாவிலிருந்து வந்து கூலிக்குச் சண்டை போட்ட கிரேக்கரா, கிரேக்க ஹெல்மெட்டைப் பெருமையாக வாங்கி மாட்டிக்கொண்ட உள்ளூர்த் தலைவரா என்று இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. ஹெல்மெட் மலாகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிகாசோ மியூசியம். போறவங்க படங்களைப் பார்த்துட்டு அப்படியே கிளம்பிடாதீங்க, பேஸ்மெண்டுக்கு இறங்குங்க. கட்டடத்துக்கு அடியில் ஃபினீஷிய மலாகாவோட மதில் இருக்கு.